கண்ணாடிக் குளமும் கோடை வெயிலும்

நாம் நாள்தோறும் வழங்கும் சொற்களுள் 'தண்ணீர்' என்பதும் ஒன்று. அதனைப் பிரித்து நோக்கின் தண்மை, நீர் என்னும் இரு சொற்கள் தோன்றும். தண்மையாவது குளிர்ச்சி. குளிர்ந்த நீரே தண்ணீர். வெம்மையுற்ற நீருக்கு வெந்நீர் என்று வேறு பெயர் வைத்தனர் நம் முன்னோர். இவ்வேறுபாட்டை மறந்து நாம் இன்று 'சுடுதண்ணீர்' என்றும் சொல்லுகின்றோம். குளிர்ந்த நீர் சுடுவது எங்ஙனம்? நம் நாவுக்கு இஃது ஒரு சிறு வழுவே. ஆயின், நீரையே உலகாகக் கொண்டு வாழும் மீனுக்குத் தண்ணீர் தண்ணீராகவே இருத்தலும், அது வெந்நீராக மாறுதலும் வாழ்வும் சாவும் ஆகும். வீட்டில் பெரிய மீன்தொட்டி வைத்திருப்போர் கோடையில் அந்நீரின் தண்மையைக் காப்பது எவ்வாறு என்பதை இப்பாடத்தில் காண்போம்.

கண்ணாடித் தொட்டியில் நீர் நிரப்பி, மீன்களை வளர்த்துக் காணும் வழக்கம் மிகப் பழமையானதன்று. இலண்டன் மாநகரின் விலங்குக் காட்சிச்சாலையில் பொதுமக்கள் காண்பதற்கென மீன் காட்சியகம் ஒன்று 1853ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. நம் சென்னைக் கடற்கரையில் 1909ஆம் ஆண்டில் ஒரு மீன் காட்சிச்சாலை எழுந்தது. அக்காட்சிச்சாலை இப்பொழுது இல்லை. ஆயின், அங்கே சென்று காண வேண்டியிருந்த காட்சி இன்று வீடுகளின் கூடத்திற்கே வந்துவிட்டது. சென்னைக் கொளத்தூர்ப் பகுதியில் வண்ணமீன் வளர்ப்பும் வாணிகமும் பல குடும்பங்களுக்குத் தொழிலாக விளங்குகின்றன. நீரும் உயிர்வளியும் நிரப்பிய பிளாஸ்டிக் பைகளில் மீன்கள் தொலைவிலுள்ள ஊர்களுக்கும் பயணம் செய்கின்றன.

அவ்வாறு பயணம் செய்து உள்நாட்டு ஊர் ஒன்றிற்கு வரும் மீனைச் சற்று எண்ணிப் பாருங்கள். திருவண்ணாமலைக்கும் செஞ்சிக்கும் இடையே நெடுஞ்சாலையில் அமைந்த ஊர் கீழ்பென்னாத்தூர். கடற்காற்று எட்டாத உள்நாடு அது. சுற்றிலும் பாறைக் குன்றுகள் உண்டு. ஐம்பூதத் தலங்களுள் திருவானைக்கா நீருக்கு உரியது. திருவண்ணாமலையோ நெருப்புக்கு உரியது. சித்திரையும் வைகாசியும் இளவேனில் என்று நூல்கள் கூறும். அவ்விளவேனிலிலேதான் கத்திரி வெயிலும் வந்து காய்கின்றது. நண்பகல் வெப்பம் செல்சியஸ் அளவில் 40 டிகிரியைத் தொடும் நாட்களும் உண்டு. அந்நாட்களில் மனிதர் நிழலை நாடுவர். ஆடுமாடுகள் மரத்தடியை நாடும். கண்ணாடித் தொட்டியில் உள்ள மீன் எதனை நாடும்?

'ஏரியிலும் இதே வெயில்தானே காய்கின்றது? அங்குள்ள மீன்கள் எவ்வாறு பிழைக்கின்றன?' என்று நீங்கள் வினவலாம். நல்ல வினா. ஏரியில் நீர் நிறைந்திருக்கும்பொழுது மேல்நீர் சூடேறினாலும் ஆழத்தில் உள்ள நீர் குளிர்ந்தே கிடக்கும். வெந்நீர் இலேசானது, குளிர்நீர் கனமானது. ஆதலால் குளிர்நீர் அடியில் தங்குகின்றது. ஏரி மீன் வெயில் ஏற ஏற ஆழத்திற்குச் செல்லும். கரையோர மரநிழலையும் நீர்ச்செடிகளின் அடியையும் நாடும். திருவண்ணாமலைத் திருக்கோயிலின் சிவகங்கைத் தீர்த்தம் போன்ற ஆழ்ந்த குளங்களிலும் இவ்வசதி உண்டு. கண்ணாடித் தொட்டியிலோ ஆழம் இரண்டடியே. அந்நீரையும் வடிகட்டி இயந்திரம் ஓயாது சுழற்றிக் கொண்டிருப்பதால் மேலும் கீழும் ஒரே வெப்பமாக இருக்கும். அங்கே மீன் ஓடி ஒளிய இடமில்லை. இயற்கை தந்த புகலிடத்தை நாம் நீக்கிவிட்டோம்; எனவே அதற்கு ஈடு செய்யும் கடமையும் நம்முடையதாகின்றது.

இனி, வெப்பம் மீனுக்குச் செய்யும் தீங்கு யாதெனக் காண்போம். நம் உடலின் வெப்பம் கோடையிலும் குளிரிலும் ஏறத்தாழ 37 டிகிரி அளவிலேயே நிற்கும். பெரும்பாலான மீன்களின் உடல் அத்தகையதன்று. நீரின் வெப்பம் எவ்வளவோ, அவற்றின் உடல் வெப்பமும் அவ்வளவே. நீர் சூடேறினால் மீனின் உடலினுள் நிகழும் செயல்கள் அனைத்தும் விரைவு பெறும். மூச்சும் விரைவு பெறும். அதனால் அதற்கு மிகுதியான உயிர்வளி, அதாவது ஆக்சிஜன், தேவைப்படும். ஆனால் நீரோ சூடேறும்பொழுது தன்னுள் கரைந்துள்ள உயிர்வளியை வெளியேற்றிவிடும். 20 டிகிரி வெப்பமுள்ள ஒரு லிட்டர் நன்னீர் ஏறக்குறைய 9.1 மில்லிகிராம் உயிர்வளியைத் தன்னுள் கொள்ளும். 30 டிகிரியில் 7.6 மில்லிகிராமே கொள்ளும். 35 டிகிரியில் 7 மில்லிகிராம் அளவே நிற்கும். தேவை ஏறுகின்றது, இருப்பு இறங்குகின்றது. வரவு குறைந்து செலவு மிகுந்த குடும்பம் எவ்வாறு நொடிக்குமோ, அவ்வாறே மீனும் நொடிகின்றது.

இவ்வளவோடு அமையவில்லை. மீனின் கழிவிலிருந்தும், உண்ணாது எஞ்சிய இரையிலிருந்தும் அமோனியா என்னும் நச்சுப்பொருள் நீரில் சேர்கின்றது. நீர் சூடேறச் சூடேற அதன் நச்சுத்தன்மை கூடுகின்றது. வடிகட்டியில் வாழும் நுண்ணுயிர்கள் இந்நஞ்சைத் தீமை குறைந்த பொருளாக மாற்றி வருகின்றன. அவற்றுக்கும் உயிர்வளி வேண்டும். உயிர்வளி குறைந்தால் அவற்றின் பணியும் தளரும். இங்ஙனம் ஒரு துன்பம் மற்றொரு துன்பத்தை அழைத்து வருகின்றது. ஆடிப்பாடித் திரிந்த மீன்கள் ஒரே பிற்பகலில் மேலே மிதப்பதன் காரணம் இதுவே.

மீன் வாய்விட்டு அழுவதில்லை. ஆயினும் அது தன் துன்பத்தைக் காட்டாமலும் இல்லை. நீரின் மேற்பரப்பிற்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். அதன் செவுள்கள் விரைந்து அசையும். இரையை நாடாது; ஒரு மூலையில் ஒடுங்கி நிற்கும். இக்குறிகளைக் கண்டவுடன் வெப்பமானியை நோக்குதல் வேண்டும். நீர் சூடேறாதிருந்தும் இக்குறிகள் தோன்றினால், நீர் கெட்டுள்ளதா என ஆராய்தல் வேண்டும். நோய் இன்னதென அறிந்த பின்னரே மருந்து தேடுவது அறிவுடைமை.

தொட்டிக்கு வெப்பம் எவ்வழியாக வருகின்றது? பகைவன் வரும் வாயில்களை அறியாதவன் கோட்டையைக் காத்தல் இயலாது. முதல் வாயில் அறையின் காற்று. இரண்டாவது வாயில் சாளரத்தின் வழியே புகும் கதிரொளி. மூன்றாவது, மேற்குச் சுவரும் காங்கிரீட் கூரையும். இவை பகலெல்லாம் உண்ட வெப்பத்தை இரவில் உமிழ்கின்றன. நான்காவது வாயிலைப் பலரும் எண்ணுவதில்லை. அது தொட்டியின் உள்ளேயே உள்ளது. நீரில் மூழ்கி இயங்கும் மோட்டார் உண்ணும் மின்னாற்றலில் ஏறக்குறைய முழுவதும் இறுதியில் வெப்பமாகி அந்நீரிலேயே சேர்கின்றது. 40 வாட் மோட்டார் ஒன்று ஓர் இரவும் பகலும் ஓடினால் ஏறத்தாழ ஒரு யூனிட் மின்சாரம் செலவாகும். அவ்வெப்பம் சிறிதும் வெளியேறாது தங்கிற்றாயின், 500 லிட்டர் நீரை ஒன்றரை டிகிரிக்கு மேல் சூடாக்க வல்லது. தொட்டியின் மேல் நெடுநேரம் எரியும் விளக்கும் தன் பங்கிற்கு வெப்பம் சேர்க்கும்.

ஆகவே முதற்காப்பு இடம் தேர்தலே. ஐந்தடி நீளமும் இரண்டடி அகலமும் இரண்டடி உயரமும் உடைய ஒரு தொட்டியை எண்ணிக் கொள்ளுங்கள். விளிம்பிற்குச் சற்றுக் கீழே நீர் நிரப்பினால் அதில் ஏறக்குறைய 500 லிட்டர் கொள்ளும். அந்நீரின் எடை மட்டும் 500 கிலோகிராம். கண்ணாடி, மணல், கல் ஆகியவற்றின் எடை வேறு. நிரப்பிய பின்னர் அதனை நகர்த்த எண்ணுதல் வீண். ஆதலின், நீர் ஊற்றுமுன்னரே இடத்தை ஆராய்தல் வேண்டும். மேற்குச் சுவரை ஒட்டிய இடம் ஆகாது. கதிரொளி நேரே விழும் இடம் ஆகாது. வெயில் காயும் மொட்டை மாடிக்கு நேர்கீழே உள்ள அறையும் ஆகாது. மாடி வீடாயின் கீழ்த்தளத்தின் வடபுற அறை சாலச் சிறந்தது. வேறிடம் இல்லாதவர் மொட்டை மாடியில் வெள்ளைச் சுண்ணாம்பு பூசியோ, தென்னங்கீற்று வேய்ந்தோ கூரையின் வெப்பத்தைக் குறைக்கலாம். நண்பகலில் சாளரங்களை மூடித் திரையிட்டு, இரவில் குளிர்காற்று புகத் திறந்துவைத்தல் செலவில்லாத வழியாகும்.

பெரிய தொட்டிக்கு ஒரு நன்மையும் அதற்கேற்ற ஒரு குறையும் உண்டு. நீர் மிகுதியாக இருப்பதால் அது மெல்ல மெல்லவே சூடேறும். சிறு கண்ணாடிக் குடுவையின் நீர் ஒரு மணி நேரத்தில் பெறும் வெப்பத்தைப் பெருந்தொட்டி பல மணி நேரம் கழித்தே பெறும். இது நன்மை. ஆனால் சூடேறிய பெருநீர் எளிதில் ஆறுவதில்லை. நான்கைந்து நாள் தொடர்ந்து வெயில் காய்ந்து இரவும் புழுங்கினால், நீரின் வெப்பம் நாளுக்கு நாள் சிறிது சிறிதாக ஏறிக்கொண்டே போகும். ஆதலால் பெருந்தொட்டி உடையவர் வெப்பம் ஏறிய பின் இறக்க முயலுதலினும், ஏறாமல் காத்தலே எளிது.

அங்ஙனம் காக்கும் வழியை நம் அடுக்களையின் மண்பானை நமக்குக் கற்பிக்கின்றது. மண்பானையின் நீர் குளிர்வது ஏன்? பானையின் சுவரில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உள்ளன. அவற்றின் வழியே நீர் கசிந்து புறத்தே ஆவியாகின்றது. நீர் ஆவியாவதற்கு வெப்பம் வேண்டும். அவ்வெப்பத்தைப் பானையிலும் அதனுள் உள்ள நீரிலும் இருந்து அது எடுத்துக் கொள்ளுகின்றது. அதனால் எஞ்சிய நீர் குளிர்கின்றது. சாளரத்தில் தொங்கவிட்டு நீர் தெளிக்கும் வெட்டிவேர்த் தட்டியும் இம்முறையினாலேயே அறையைக் குளிர்விக்கின்றது. வியர்த்த உடலில் காற்றுப் பட்டால் குளிர்வதும் இதனாலேயே. கண்ணாடிக்கு நுண்துளைகள் இல்லை. ஆயினும் தொட்டியின் மேற்பரப்பு திறந்துள்ளது அன்றோ? அங்கே நீரை விரைந்து ஆவியாகச் செய்தால், தொட்டி முழுவதும் ஒரு மண்பானை ஆகிவிடும்.

இதற்கு வேண்டுவது ஒரு சிறு மின்விசிறியே. தொட்டியின் ஓர் ஓரத்தில், நீரின் மேற்பரப்பைச் சாய்வாகத் தடவிச் செல்லுமாறு காற்று வீசச் செய்தல் வேண்டும். மேற்பரப்பில் தேங்கி நிற்கும் ஈரக்காற்று விலகும். புதிய வறண்ட காற்று வந்து சேரும். நீர் விரைந்து ஆவியாகும். இதன் வலிமையைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு கிராம் நீர் ஆவியாகும்பொழுது ஏறக்குறைய 580 கலோரி வெப்பத்தை எடுத்துச் செல்கின்றது. ஒரு கிராம் பனிக்கட்டி உருகுவதற்கு வேண்டுவது 80 கலோரியே. எனவே, ஆவியாய்ப் போகும் ஒரு லிட்டர் நீர், உருகும் ஒரு கிலோ பனிக்கட்டியைப்போல் ஏழு மடங்கு வேலை செய்கின்றது. 500 லிட்டர் தொட்டியில் ஒரு லிட்டர் நீர் ஆவியானால், புதிய வெப்பம் புகாதவிடத்து, எஞ்சிய நீர் ஒரு டிகிரிக்குச் சற்று மேலாகவே குளிரும். நாள் முழுவதும் வெப்பம் புகுந்துகொண்டேயிருப்பதால் நாள்தோறும் சில லிட்டர் நீர் ஆவியாக வேண்டியிருக்கும்.

இவ்விசிறி எல்லா ஊர்களிலும் ஒரே அளவாகப் பயன் தருமா? தராது. காற்றில் ஏற்கெனவே ஈரம் மிகுந்திருந்தால் நீர் எளிதில் ஆவியாகாது. இதனை ஒரு சிறு சோதனையால் நீங்களே அறியலாம். ஒரே வகையான இரண்டு வெப்பமானிகளை எடுத்துக் கொள்ளுங்கள். ஒன்றின் குமிழில் ஈரத்துணியைச் சுற்றுங்கள். இரண்டின் மீதும் விசிறியால் வீசுங்கள். ஈரத்துணி சுற்றிய வெப்பமானி குறைந்த வெப்பத்தைக் காட்டும். ஆவியாதலால் நீரை எந்த அளவு வரை குளிர்விக்க இயலுமோ, அவ்வெல்லையை அது காட்டுகின்றது. காற்றின் வெப்பம் 40 டிகிரியும் ஈரப்பதம் 30 விழுக்காடும் ஆயின், ஈரத்துணி வெப்பமானி ஏறக்குறைய 26 டிகிரி காட்டும். கடற்கரை நகரில் காற்றின் வெப்பம் 34 டிகிரியே. ஆனால் ஈரப்பதம் 70 விழுக்காடு எனின், அது 29 டிகிரிக்குக் கீழே இறங்காது. வெயில் குறைந்த கடற்கரையைவிட, வெயில் மிகுந்த கீழ்பென்னாத்தூரில் விசிறிக்கு வலிமை மிகுதி! நம்மை வருத்தும் அவ்வறண்ட காற்றே இவ்விடத்தில் நமக்குத் துணையாகின்றது. தொட்டி நீர் அவ்வெல்லை வரை இறங்கிவிடும் என்று எண்ணுதல் கூடாது. அறை வெப்பத்தினும் இரண்டு மூன்று டிகிரி குறைந்து நின்றாலும் மீன்களுக்கு அஃது ஒரு பெரும் பேறு.

விசிறி வைப்போர் மூன்றினை மறத்தல் கூடாது. முதலாவது, தொட்டியின் மேல் உள்ள கண்ணாடி மூடியை நீக்கிவிட வேண்டும். மூடியிருந்தால் ஆவி வெளியேறாது. ஆனால் சில மீன்கள் துள்ளி வெளியே விழும் இயல்பின. ஆதலின் மூடிக்கு ஈடாக வலை ஒன்றை விரித்தல் வேண்டும். இரண்டாவது, அறையில் ஒரு சாளரமேனும் சிறிது திறந்திருத்தல் வேண்டும். இன்றேல் ஆவி அறையிலேயே நிறைந்து, விசிறியின் பயன் குன்றிவிடும். மூன்றாவது, மின்விசிறியும் அதன் கம்பியும் நீரில் விழாதவாறு பெரியவர்கள் உறுதியாகப் பொருத்துதல் வேண்டும். நீரும் மின்சாரமும் கூடும் இடத்தில் மாணவர்கள் தாமே கைவைத்தல் கூடாது.

நீர் ஆவியானால் தொட்டியில் நீர் குறையும் அன்றோ? அதனை ஈடுசெய்தல் வேண்டும். இங்கே ஒரு நுட்பம் உண்டு. ஆவியாய்ப் போவது நீர் மட்டுமே. அதிலுள்ள உப்புகள் தொட்டியிலேயே தங்கிவிடும். உப்புச்சுவை மிகுந்த கிணற்று நீரையே நாள்தோறும் ஊற்றி வந்தால், ஒரு கோடைக்குள் தொட்டி நீரின் கடினத்தன்மை ஏறிவிடும். தூய்மையாகச் சேமித்த மழைநீர், குறைந்த நீரை ஈடுசெய்ய ஏற்றது. அது கிடைக்காதவிடத்து, உப்புக் குறைந்த நல்ல நீரை ஊற்றி, வாரந்தோறும் தொட்டி நீரில் ஒரு பகுதியை மாற்றிவிடுதல் வேண்டும். குழாய்நீரில் குளோரின் கலந்திருப்பின், அதனை நீக்கிய பின்னரே பயன்படுத்த வேண்டும். மற்றொன்றும் நினைவில் இருத்துக. மொட்டை மாடியில் உள்ள கருநிறப் பிளாஸ்டிக் தொட்டியின் நீர் நண்பகலில் கையைச் சுடும் அளவு கொதித்திருக்கும். அதனைத் திறந்து மீன்தொட்டியில் விடுவது பேதைமை. விடியற்காலையில் பிடித்து நிழலில் வைத்த நீரே ஏற்றது.

'பனிக்கட்டியை வாங்கிப் போட்டால் போதாதா?' என்பர் சிலர். கணக்கிட்டுப் பார்த்தால் உண்மை விளங்கும். இரண்டு கிலோ பனிக்கட்டி 500 லிட்டர் நீரை அரை டிகிரி அளவுகூடக் குளிர்விப்பதில்லை. மூன்று டிகிரி குறைப்பதற்கு ஒரே முறையில் 13 அல்லது 14 கிலோ வேண்டும். மறுநாளும் அவ்வளவு வேண்டும். அன்றியும், பனிக்கட்டியை நேரே நீரில் இட்டால் ஒருபுறம் கடுங்குளிரும் மறுபுறம் வெப்பமுமாக மீன் அல்லலுறும். வெப்பம் மெல்ல ஏறியதைத் தாங்கிய மீனும், திடீரென இறங்குவதைத் தாங்காது மடிவதுண்டு. ஒரு மணி நேரத்திற்கு ஒரு டிகிரிக்கு மேல் இறக்காதிருத்தலே நன்று. இடர் நேர்ந்த காலத்தில் மட்டும், சற்றே வெற்றிடம் விட்டு நீர் நிரப்பி உறையவைத்த புட்டிகளை, மூடி திறவாமல் தொட்டியில் மிதக்கவிடலாம். பனிக்கட்டி இடருக்குத் துணை. நாள்தோறும் நம்பத் தக்கதன்று.

பொருள் வசதி உடையோர் குளிர்விப்பான் என்னும் இயந்திரத்தை அமைப்பர். கடைகளில் அதனைச் 'சில்லர்' என்பர். குளிர்சாதனப் பெட்டி இயங்கும் முறையிலேயே அதுவும் இயங்குகின்றது. தொட்டி நீர் அதனுள் சென்று, குளிர்ந்து, மீண்டும் தொட்டிக்கே வரும். குறித்த வெப்பநிலையில் நீரை நிறுத்த வல்லது. ஈரக்காற்று வீசும் ஊர்களிலும் தளராது உழைக்கும். ஆயினும் ஓர் உண்மையை உணர்தல் வேண்டும். வெப்பம் அழிவதில்லை, இடம் மாறுவதே உண்டு. நீரிலிருந்து எடுத்த வெப்பத்தையும் தான் உண்ட மின்னாற்றலையும் அவ்வியந்திரம் அறையிலேயே வீசும். மூடிய சிறு அலமாரிக்குள் அதனை அடைத்துவைத்தால், தான் உமிழ்ந்த வெங்காற்றையே தான் உண்டு திணறும். எனவே அதனைச் சுற்றிக் காற்றோட்டம் வேண்டும். வெங்காற்று வெளியே செல்ல வழியும் வேண்டும்.

இவையனைத்தினும் எளிய அறிவு ஒன்று உண்டு. ஊருக்கேற்ற மீனைத் தேர்ந்தெடுத்தலே அது. சீன நாட்டிலிருந்து உலகெங்கும் பரவிய தங்கமீன் குளிர்நீரை விரும்புவது; நம் கோடையில் அது பெரிதும் வருந்தும். அமேசான் ஆற்றுப் பகுதியில் பிறந்த டிஸ்கஸ் மீனோ 28 முதல் 30 டிகிரி வெப்பத்தில் மகிழ்ந்து வாழும். கௌராமி இனத்து மீன்களுக்குச் செவுளேயன்றி, மேலே வந்து காற்றை உண்டு மூச்சுவிடும் தனி உறுப்பும் உண்டு. நம் நாட்டு நீர்நிலைகளில் வாழும் பனையேறிக்கெண்டைக்கும் விராலுக்கும் அவ்வாற்றல் உண்டு. அழகு ஒன்றையே நோக்கி மீன் வாங்காது, அதன் பிறந்தகம் எது, அதற்கு வேண்டிய தண்மை எவ்வளவு என்று வினவி வாங்குதல் வேண்டும். தொட்டியில் அளவிற்கு மிஞ்சி மீன்களை நெருக்குதலும் தவறு. கோடையில் இருக்கும் உயிர்வளி சிறிது. அதனைப் பங்கிடும் வாய்களும் சிலவாகவே இருத்தல் நலம்.

கோடைக்காலத்தில் மீன் வளர்ப்போர் நாள்தோறும் செய்யத்தக்கன சில உள. காலையிலும் பிற்பகலிலும் வெப்பமானியை நோக்கி ஒரு குறிப்பேட்டில் எழுதுக. இரையைக் குறைத்து, வெயில் தணிந்த வேளையில் இடுக. எஞ்சியதை உடனே அகற்றுக. விளக்கை எரிக்கும் நேரத்தைக் குறைத்து, மாலையில் மட்டும் ஏற்றுக. நீரின் மேற்பரப்பு எப்பொழுதும் அலைந்துகொண்டிருக்குமாறு காற்றுக்குழாயை இயக்குக. மேற்பரப்பு அசைந்தால்தான் உயிர்வளி நீரினுள் கரையும்.

மின்சாரம் தடைப்படும் நண்பகலே மிகக் கொடியது. அப்பொழுது விசிறியும் ஓயும், வடிகட்டியும் ஓயும், நீர் தேங்கிவிடும். பேட்டரியால் இயங்கும் சிறு காற்றுக்கருவி ஒன்றை வீட்டில் வைத்திருத்தல் வேண்டும். அதுவும் இல்லாதவர், ஒரு குவளையால் தொட்டி நீரையே மொண்டு, ஒரு சாண் உயரத்திலிருந்து மீண்டும் தொட்டியிலேயே மெல்ல ஊற்றிக்கொண்டிருக்கலாம். விழும் நீர் காற்றைத் தன்னுடன் கொண்டு செல்லும். பனையோலை விசிறியால் மேற்பரப்பில் வீசலாம். இவை சிறு தொழில்களே. ஆயினும், ஒரு மணி நேரம் பொறுமையுடன் இவற்றைச் செய்தால் உயிர்கள் பல பிழைக்கக்கூடும். இயந்திரம் ஓய்ந்த இடத்தில் மனிதனின் கையே துணை.

மாணவர்களே! ஏரியில் பிறந்த மீன் வெயிலுக்கு அஞ்சினால் ஆழத்திற்குச் செல்லும். நம் கூடத்தில் உள்ள மீன் எங்கும் செல்ல இயலாது. அதன் ஏரியும் நாமே. அதன் ஆழமும் நாமே. அதன் நிழலும் நாமே. ஓர் உயிரை நம் மகிழ்ச்சிக்காகக் கண்ணாடிச் சுவர்களுக்குள் கொணர்ந்த அன்றே, அதன் மூச்சுக்கு நாம் பொறுப்பேற்றுக் கொண்டோம். அருளுடைமைக்கு ஒரு தனி அதிகாரமே வகுத்தார் வள்ளுவர். அருள் என்பது உள்ளத்தில் இரங்குதல் மட்டுமன்று. வெப்பமானியை நாள்தோறும் நோக்குதலும், நீர் குறைந்தால் நிரப்புதலும், மின்சாரம் நின்றபொழுது குவளையைக் கையில் எடுத்தலும் அருளே. இவ்வளவும் செய்ய இயலாதவர் மீன் வளர்க்காதிருத்தலும் அருளே. வளர்ப்பவர், தொட்டியில் உள்ள தண்ணீர் தன் பெயருக்கேற்பத் தண்ணீராகவே என்றும் இருக்குமாறு காப்பாராக.

பயிற்சி

1. ஏரி மீனுக்கு உள்ள புகலிடம் தொட்டி மீனுக்கு இல்லாதது ஏன்?
2. நீர் சூடேறும்பொழுது மீனின் தேவையும் நீரின் உயிர்வளி இருப்பும் எவ்வாறு மாறுகின்றன?
3. மண்பானை நீர் குளிர்வதற்கும் மின்விசிறியால் தொட்டி நீர் குளிர்வதற்கும் உள்ள ஒற்றுமையை விளக்குக.
4. கடற்கரை நகரினும் கீழ்பென்னாத்தூரில் விசிறி மிகுதியாகப் பயன் தருவது எதனால்?
5. 500 லிட்டர் தொட்டிக்குப் பனிக்கட்டியை நாள்தோறும் நம்புதல் பொருந்தாது என்பதைக் கணக்கிட்டு நிறுவுக.
6. பிரித்து எழுதுக: தண்ணீர், வெந்நீர், நண்பகல்.
7. பாடத்தில் கூறிய ஈரத்துணிச் சோதனையை ஆசிரியர் துணையுடன் உங்கள் வகுப்பறையில் செய்து, காலையிலும் நண்பகலிலும் கண்ட வேறுபாட்டை எழுதுக.
8. 'மின்சாரம் நின்ற நண்பகல்' என்னும் தலைப்பில், தொட்டியில் வாழும் ஒரு மீன் தன் நிலையைக் கூறுவதாக ஒரு பக்க அளவில் கட்டுரை வரைக.